வாசகர் கேள்வி பதில்: கறுப்புக் கண்ணாடி ஜெனரல்

ஓய்வுபெற்ற ஹவில்தார், கம்மவான்பேட்டை
எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர்கள். பட்டாளத்துக்காரன் அரசியல் பேசக்கூடாது என்றே பழகிவிட்டோம். போலந்தில் ஒரு ஜெனரல் கம்யூனிஸ்ட் கட்சிக்கே தலைவர் ஆனாராமே, எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பாராம். யார் அவர்?

வோய்ச்செக் யாருசெல்ஸ்கி. கறுப்புக் கண்ணாடி என்றால் நமக்கு எம்.ஜி.ஆரும் கலைஞரும்தான் நினைவுக்கு வருவார்கள். இவர் கண்ணாடி போட்டது சைபீரியப் பனியால். 1923-ல் வசதியான நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்த பையன். 1939-ல் ஜெர்மனியும் சோவியத்தும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டபோது குடும்பம் லிதுவேனியாவுக்குத் தப்பி ஓடியது, 1941 ஜூனில் அங்கிருந்தும் சோவியத்காரர்கள் பிடித்து ரயிலேற்றி சைபீரியாவின் அல்தாய் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே காட்டில் மரம் வெட்டும் வேலை. சித்திரை வெயிலில் கோட்டைச் சுவரைப் பார்த்தாலே நமக்குக் கண் கூசும், அங்கே கண்ணுக்கெட்டிய தூரமும் வெள்ளைப் பனி, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கெடுத்து ஆயுசுக்கும் கண்ணாடி போட வைத்தது. அடுத்த வருஷம் அப்பா அங்கேயே இறந்துபோனார்.

அப்படிப்பட்டவர்தான் 1943-ல், சோவியத் மண்ணில் உருவான போலந்துப் படையில் சேர்ந்தார். ஊர் திரும்ப அவருக்கு இருந்த வழி அதுதான் என்று நினைக்கிறேன். பெர்லின் பக்கம் வரை சண்டை போட்டுப் போனார், 33 வயதில் ஜெனரல், 1968-ல் பாதுகாப்பு அமைச்சர். அந்த வருஷமே செக்கோஸ்லோவாகியாவுக்குள் படை அனுப்பினார், அதற்குப் பிற்காலத்தில் மன்னிப்புக் கேட்டார்.

பீடித் தொழிலாளி, குடியாத்தம்
தொழிலாளர் கட்சி ஆளும் நாட்டில் தொழிற்சங்கத்தையே தடை செய்தார்களாமே, அது எப்படி அம்மா?

நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. ஆண்ட கட்சியின் பெயரே போலந்து ஐக்கியத் தொழிலாளர் கட்சி! 1980-ல் கறி விலையை ஏற்றினார்கள், வேலைநிறுத்தம் பரவியது, ஆகஸ்டில் கிதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் லேக் வலேசா என்ற எலக்ட்ரீஷியன் முன்னால் நிற்க சாலிடாரிட்டி சங்கம் பிறந்தது. ஒரே வருஷத்தில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள். யாருசெல்ஸ்கி 1981 பிப்ரவரியில் பிரதமர், அக்டோபரில் கட்சியின் முதல் செயலாளர், அதாவது கட்சித் தலைவர். அப்புறம் டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. காலையில் சிறுவர் நிகழ்ச்சி பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அந்த நிகழ்ச்சி வரவில்லை, நாட்டில் ராணுவச் சட்டம் என்று ராணுவ உடுப்பில் ஜெனரல் காகிதத்தைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். தெருவில் டாங்கி, போன் எல்லாம் செத்துக் கிடந்தது. பின்னால் லைன் கொடுத்தபோதும் பேச ஆரம்பித்தால் இடையில் ஒரு குரல் வந்து "உரையாடல் கண்காணிக்கப்படுகிறது" என்று சொல்லும். அம்மாவிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கும் அந்தக் குரல்தான். மூன்றே நாளில் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் 9 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ராணுவச் சட்டத்தின் கீழ்தான் சாலிடாரிட்டிக்குத் தடை வந்தது, அந்தச் சட்டம் 1983 ஜூலை வரை நீடித்தது. 1970-லும் துறைமுக நகரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள், அப்போதும் பாதுகாப்பு அமைச்சர் இவரே. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்லூரி மாணவர், காட்பாடி
சோவியத் படை உள்ளே வராமல் தடுக்கத்தான் ராணுவச் சட்டம் கொண்டுவந்தேன் என்று யாருசெல்ஸ்கி சொன்னாராம். நாட்டைக் காப்பாற்றியவரா, காட்டிக்கொடுத்தவரா?

கடைசி வரை அதையேதான் சொன்னார், பெரிய கேட்டைத் தவிர்க்கச் சின்னக் கேடு என்று. ஆனால் மாஸ்கோவின் ஆவணங்கள் பின்னால் வெளிவந்தன. டிசம்பர் 10-ம் தேதிக் கூட்டத்திலேயே, போலந்துக்குப் படை அனுப்பப் போவதில்லை என்று அங்கே பேசியிருக்கிறார்கள். அதனால் அவர் சமாதானம் எனக்கு ஒப்பவில்லை. அவர் உண்மையிலேயே பயந்திருக்கலாம், சைபீரியாவைப் பார்த்தவருக்கு மாஸ்கோ என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1989-ல் அதே சங்கத்தோடு பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்தார். ஜூன் தேர்தலில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 100 இடத்தில் 99 சாலிடாரிட்டிக்குப் போனது, துப்பாக்கியைத் தூக்காமல் ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் தேவைக்கு மேல் ஒரே ஓட்டில் ஜனாதிபதி ஆனார். மறுவருஷக் கடைசியில் பதவியை விட்டுப் போனார், அந்த நாற்காலிக்கு வந்தது வலேசா. படையைக் கையில் வைத்திருந்த எத்தனை பேர் அப்படி எழுந்து போயிருக்கிறார்கள்? அந்த மரியாதையை அவருக்குத் தருகிறேன், சுரங்கத்தில் செத்த 9 பேரை மறக்காமல்தான்.

2014 மே மாதம் 90 வயதில் இறந்தார். சாவதற்கு முன் பாதிரியாரை வரவழைத்துக்கொண்டார், சின்ன வயதில் படித்த ஜெபம் மறக்கவில்லை போலிருக்கிறது. வார்சாவில் நடந்த இறுதித் திருப்பலிக்கு வலேசா வந்து உட்கார்ந்திருந்தார். கல்லறையில் எதிர்ப்பாளர்கள் "வெட்கக்கேடு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.