முதல் இருபது நிமிடங்கள்: நெடுந்தூர சைக்கிள் ஓட்டிகளுக்கான கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, முதல்முறையாக 200 கிலோமீட்டர் ஓட்டப் போகிறேன். கிளம்பும் முன் தனியாக வார்ம் அப் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பயணத்தின் முதல் இருபது நிமிடங்களையே அதற்கு விட்டுவிடுங்கள். இலகுவான கியர், நிமிடத்துக்கு 85 முதல் 90 மிதிச் சுற்று. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். மிதிக்கத் தொடங்கியதும் கால்கள் கேட்கும் ஆக்ஸிஜனை இதயமும் நுரையீரலும் அந்த நொடியே தந்துவிடாது. ஓரிரு நிமிடம் பின்தங்கும். அதற்குள் பாய்ந்தால் தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரை இருப்பு வேகமாகக் கரையும். காலையில் அது தெரியாது, மாலையில்தான் கால் சொல்லும்.

கேள்வி: குழுவில் எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே பறக்கிறார்களே?

பதில்: நானும் அப்படிப் பறந்திருக்கிறேன். 120 கிலோமீட்டர் தாண்டியதும் தொடை கல்லாய் இறுகி, சிறு மேட்டில்கூட இறங்கித் தள்ளினேன். இப்போதெல்லாம் கால் மணி நேரம் முன்னதாகவே போய், அக்கம்பக்கத் தெருக்களை மெதுவாகச் சுற்றிவிட்டுக் குழுவோடு சேர்கிறேன். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கேள்வி: வீட்டு வாசலிலேயே ஏற்றம் தொடங்குகிறது ஐயா.

பதில்: எதிர்த்திசையில் சமதளம் இருந்தால் பத்து நிமிடம் ஓட்டித் திரும்புங்கள். இல்லையென்றால் இருப்பதிலேயே லேசான கியரில், இருக்கையை விட்டு எழாமல் ஏறுங்கள்.

கேள்வி: காலை இழுத்துப் பிடித்து நீட்டும் பயிற்சி?

பதில்: ஓட்டி முடித்த பிறகு செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் விசை சற்று நேரம் குறையும். முன்னதாகக் காலை முன்னும் பின்னும் பத்துப் பத்து முறை வீசினால் போதும்.

கேள்வி: குளிர்காலத்தில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

பதில்: முழங்காலின் முன்பக்கம் தசையோ கொழுப்போ அதிகம் இல்லாத இடம், குளிர்காற்று நேராக இறங்கும். அதை மூடிக்கொண்டு கிளம்புங்கள். அரை மணி நேரம் கனமான கியரைத் தொடவே வேண்டாம். வலி அடிக்கடி வந்தால் இருக்கை தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: 20 கிலோமீட்டர் தனிநபர் பந்தயத்துக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. தூரம் குறையக் குறைய வார்ம் அப் அதிகமாக வேண்டும். அங்கே முதல் நிமிடமே முழு வேகம். எனவே இருபது நிமிடம் படிப்படியாக ஏற்றி, இடையில் 15 நொடி வேகப்பாய்ச்சல் இரண்டு மூன்று சேருங்கள். வெயில் கடுமையாக இருந்தால் பாதியாகக் குறைத்து, நிழலில் செய்யுங்கள். புறப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பு நிறுத்தினால் தசையின் சூடு ஆறாது.