கேஸ் போகவில்லை அம்மா, ஐஸ் அடைத்திருக்கிறது

வாசகர் கேள்விகளுக்கு 28 வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் பதில்கள்

கேள்வி: எங்களுடையது ஏழு வருடமான டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மேலே ஐஸ்கிரீம் ஓரளவு கெட்டியாகவே இருக்கிறது. கீழே வைத்த பால் மறுநாள் திரிந்துவிடுகிறது. வந்தவர் கேஸ் போய்விட்டது என்று ஏற்றிக் கொடுத்தார். எட்டு நாள் அருமையாக ஓடி, ஒன்பதாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. மறுபடியும் கேஸ் ஏற்ற வேண்டும் என்கிறார். சரி என்று சொல்லலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. எட்டு நாள் ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

டபுள் டோரில் குளிர் உண்டாகும் 'காயில்', அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் ஃபேன் அந்தக் குளிரை மேலும் கீழும் தள்ளும். காற்றிலுள்ள ஈரமெல்லாம் காயிலில் வெள்ளையாகப் படியும். அதைக் கரைக்கத்தான் காயிலோடு ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பழைய மாடல்களில் கம்ப்ரஸர் சுமார் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, 20, 30 நிமிடம் ஹீட்டரைப் போடும். புது மாடல்களில் இந்த வேலையை போர்டும் சென்சாரும் பார்த்துக்கொள்கின்றன. இது நடக்காமல் போனால் ஐஸ் மேல் ஐஸ் ஏறி, காயிலே சுவர் மாதிரி ஆகிவிடும். காற்று நுழைய இடமிருக்காது. ஃப்ரீசர் காயிலை ஒட்டியே இருப்பதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். கீழே மட்டும் குளிர் வந்து சேராது.

கேஸ் ஏற்ற பைப்பை அறுத்து, பற்றவைத்து, 'வாக்குவம்' போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அத்தனை நேரமும் ஃப்ரிட்ஜ் நின்றுதானே இருந்திருக்கும்? ஐஸ் தானாகக் கரைந்துவிட்டது. நீங்கள் காசு கொடுத்தது கேஸுக்கு, பலன் கிடைத்தது ஐஸ் கரைந்ததால். இப்படி ஏமாந்த வீடுகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, இரண்டு கதவையும் 24 மணி நேரம் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி விரித்துக்கொள்ளுங்கள், நிறையத் தண்ணீர் வரும். பிறகு போட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடி மறுபடி மக்கர் செய்கிறதா? அப்படியானால் கோளாறு டீஃப்ராஸ்ட், அதாவது ஐஸ் கரைக்கும் பக்கம்தான். ஐஸ் கட்டியிருக்கும்போது அந்தப் பின்சுவரைக் கழற்றிக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது. காயில் முழுக்க ஐஸ் மூடியிருந்தால் கேஸ் இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜில் காயிலின் ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை பிடிக்கும், மீதி வெறுமையாகக் கிடக்கும்.

அப்புறம் எந்தப் பாகம் என்று பார்ப்பது மெக்கானிக் வேலை. டைமரில் ஒரு காடி இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் அதை மெதுவாகத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு கம்ப்ரஸர் நிற்கும். அதன் பிறகு காயிலில் ஐஸ் உருக ஆரம்பித்தால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது, டைமரை மாற்றினால் போதும். உருகாவிட்டால் ஹீட்டர், பைமெட்டல் (குளிரைப் பொறுத்து ஹீட்டரைச் சேர்க்கும், விலக்கும் சின்ன ஸ்விட்ச்), ஃபியூஸ் மூன்றையும் மீட்டரில் பார்க்க வேண்டும்.

இந்த பைமெட்டல் விஷயத்தைத் தொழில் பழகும் தம்பிகளுக்காகவும் சொல்கிறேன். வெளியே எடுத்துச் சாதாரண வெப்பத்தில் மீட்டர் வைத்தால் அது லைன் காட்டாது, அதாவது அதன் வழியே மின்சாரம் போகாது. அதன் குணமே அதுதான்: நன்றாகக் குளிர்ந்தால் சேரும், சூடேறினால் விலகும். நானும் ஆரம்பத்தில் ஒரு வீட்டில் நல்ல பைமெட்டலைக் கெட்டது என்று தூக்கிப் போட்டேன். ஐஸோடு உப்பைக் கலந்து, பாலித்தீன் பையில் சுற்றி அதற்குள் பத்து நிமிடம் வைத்து, பிறகு பாருங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் ஒயரை நேராக முறுக்கி விடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடானால் அதை நிறுத்துவதற்கு இருக்கும் கடைசிக் காவல் அந்தச் சின்னப் பொருள். அது இல்லாமல் உள் பிளாஸ்டிக் உருகிப்போன ஃப்ரிட்ஜை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் நான்கு நாளுக்கு ஒருமுறை ஐஸ் மலையாகக் கட்டுகிறது. கத்தியால் குத்தித்தான் மீன் பொட்டலத்தையே எடுக்கிறேன். என்ன செய்வது அண்ணா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: முதலில் கத்தியைக் கீழே வைம்மா. சிங்கிள் டோரில் அந்த ஃப்ரீசர் பெட்டியேதான் காயில். அலுமினியத் தகட்டுக்குள் கேஸ் ஓடுகிறது. ஒரு குத்து விழுந்தால் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் அது எரியக்கூடிய வாயு. எப்போதாவது 'உஸ்' என்று சத்தம் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திற. பக்கத்தில் எந்த ஸ்விட்சையும் தட்டாதே.

ஐஸ் அரை சென்டிமீட்டர் ஏறியதுமே தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். கரைந்ததும் அதுவே திரும்ப ஓட ஆரம்பிக்கும். இப்போது மலையாகிவிட்டதால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே வெந்நீர்ப் பாத்திரம் வைத்துக் கதவைத் திறந்துவிடு.

நான்கு நாளில் இவ்வளவு ஐஸ் என்றால் வெளிக்காற்று புகுகிறது. ஃப்ரீசரின் குட்டிக் கதவு உடைந்திருக்கிறதா பார். 'அதுதானே' என்று அதை நிறைய வீட்டில் கழற்றியே போட்டுவிடுகிறார்கள். பிறகு கதவு ரப்பர். ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார். சுலபமாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரால் மடிப்புக்குள் துடைத்தாலே பாதி ரப்பர்கள் சரியாகிவிடும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், சூடான குழம்பை மூடாமல் வைத்தால் இன்னும் மோசம்.

கேள்வி: காய்கறி டிரேக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்குகிறது. டபுள் டோர்தான். குளிர்ச்சியில் குறை இல்லை.
- வாசகர், திருப்பூர்

பதில்: கரைந்த தண்ணீர் போகும் ஓட்டை அடைத்திருக்கிறது. ஃப்ரீசர் தரையில் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பின்சுவரைக் கழற்றினால் காயிலுக்குக் கீழே ஓட்டை தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து மெதுவாக விடுங்கள். சிங்கிள் டோர்களில் அதே ஓட்டையில் ஒற்றைக் கறிவேப்பிலை சிக்கி இரண்டு மாதம் அவதிப்பட்ட வீடும் உண்டு.

அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் கம்ப்ரஸர் மேலுள்ள டிரேயில் விழுந்து, அந்தச் சூட்டில் ஆவியாகும். மழைக்காலத்தில் ஆவியாகாமல் தேங்கும். டெங்கு கொசு அதில் முட்டையிடும். சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அடைப்பை எடுக்கும் அன்றே அதையும் காலி செய்து தேய்த்து வையுங்கள், பிறகு வாரம் ஒருமுறை.