சிரப் ரத்தம்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை நான். மாணவர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். ரத்தத்துக்கு ரோஸ் சிரப். லேடி மெக்பெத் தூக்கத்தில் நடந்து கை கழுவும் காட்சிக்கு மாணவி கையெல்லாம் சிரப்போடு வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரத்தம் என்றால் குற்ற உணர்வு என்றுதானே சொல்லித் தருகிறோம்? காட்டினால் ஏன் எடுபடவில்லை?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பிள்ளைகள் சரியாகத்தான் சிரித்திருக்கிறார்கள். அந்தக் காட்சியில் அவள் கையில் ஒன்றுமே இருக்கக் கூடாது. மறைந்து நின்று பார்க்கும் மருத்துவருக்கும் தோழிக்கும் தெரியாத கறை அது. கால் மணி நேரம்கூட இப்படித் தேய்ப்பாள் என்கிறாள் தோழி. நமக்கும் கறை தெரிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் கை கழுவல்தான்.

சிரப்பை இரண்டாம் அங்கத்தில் தாராளமாக ஊற்றுங்கள். மெக்பெத் டங்கன் மன்னரைக் கொல்வதை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டுவதில்லை. கொன்றுவிட்டு வரும் கைகளைத்தான் காட்டுகிறார். கடலையே ஊற்றினாலும் இது போகாது, கடல்தான் சிவக்கும் என்று மெக்பெத் நடுங்குகிறான். அவன் மனைவி லேடி மெக்பெத்தோ கத்திகளைப் பிடுங்கிக்கொண்டு போய், தூங்கும் காவலர்கள்மேல் ரத்தத்தைப் பூசிவிட்டு வந்து, கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள். நான்கு கைகளும் இங்கே சொட்டினால்தான் ஐந்தாம் அங்கத்தின் வெறுங்கை உறைக்கும். இதற்கிடையில் நடுங்கியவன் துணிந்துவிட்டான்: ரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கியாயிற்று, திரும்புவதும் அக்கரைக்குப் போவதும் ஒரே பாடுதான் என்கிறான். தண்ணீர் போதும் என்றவள்தான் தூங்காமல் தேய்க்கிறாள்.

குற்ற உணர்வு என்று மட்டும் சொல்லித் தராதீர்கள். தேர்வுக்கு அது போதும், நாடகத்துக்குப் போதாது. முதலில் மேடைக்கு வரும் ரத்தம் போரில் காயம்பட்ட வீரனுடையது. உன் சொல்லும் காயமும் இரண்டுமே உனக்குக் கௌரவம் என்கிறார் மன்னர். மெக்பெத் பெயர் வாங்கியதும் எதிரியின் ரத்தத்தில்தான். மன்னருக்காகச் சிந்தினால் பெருமை, மன்னருடையதைச் சிந்தினால் பாவம். இந்தச் சங்கடத்தை மாணவர்கள் பேசட்டும்.

கூடவே பாரதியின் பாஞ்சாலியையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். துச்சாதனன், துரியோதனன் ரத்தத்தைக் கூந்தலில் பூசி, நறுநெய் குளித்து, அப்புறம்தான் கூந்தலை முடிப்பேன் என்று சபதம் செய்கிறாள். அவளுக்கு ரத்தம் கணக்குத் தீர்ப்பது, குளித்தால் போய்விடும். லேடி மெக்பெத்துக்கோ அரேபிய வாசனைத் திரவியம் அத்தனையும் போதவில்லை. கவனியுங்கள், கறையைவிட வாடைதான் அவளை விடாமல் துரத்துகிறது. வசனத்துக்கு முன்னால் அந்த மாணவியை ஒருமுறை கையை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவசரமில்லாமல் முகரட்டும்.