தோட்டத்திலிருந்து போய் அனிமேஷன், வீடியோ கேம் ஆர்ட் படிக்கலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் எழுதி முடித்துவிட்டேன், சித்திரத்துக்கு ஏ சித்தி. பல்கலைக்கழகத்தில் அனிமேஷனும் வீடியோ கேம் ஆர்ட்டும் படிக்க ஆசை. எல்லாம் யூடியூப்பில் இருக்கிறது, காசு கட்டிப் படிப்பது வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வீட்டிலும் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி (தங்கச்சியாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம், கேள்வியில் பெயர் இல்லை), உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். "படம் வரைஞ்சு சோறு திங்க முடியுமா?" என்று அப்பா கேட்டிருப்பார். டீச்சர் வேலைக்கு எழுதிப் போடச் சொல்லி ஒரு மாமா வந்திருப்பார். லயத்தில் பக்கத்துக் காம்பரா (அறை) பையன் கொழும்பில் கடை வேலைக்குப் போய் மாதாமாதம் காசு அனுப்புவதும் பேச்சில் வந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இதேதான். நான் பொகவந்தலாவைப் பக்கம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவர், அப்பா செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனவர்.

யூடியூப் போதும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருள் இலவசம், 2002-இலிருந்தே யாரும் எடுத்துப் பாவிக்கலாம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய லத்விய நாட்டுப் படம் 'ஃப்ளோ' அதில்தான் செய்யப்பட்டது. வரைவதற்கு கிரீட்டா இருக்கிறது, அதுவும் இலவசம். ஆகவே மென்பொருள் பழகுவதற்காக மட்டும் பட்டப்படிப்புக்குக் காசு கட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், வீட்டிலிருந்தே பழகுங்கள். நான் கட்டிய காசுக்கு எனக்குக் கிடைத்தது வேறு. நான் செய்ததைப் பார்த்து "இது பிழை, திரும்பச் செய்" என்று கிழமைக்கு ஒருமுறை சொல்ல ஓர் ஆள் இருந்தார். அதற்கு என்ன பெறுமதி என்று விளங்க என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2019-இல் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். பட்டம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றினுடையது. பணக்காரப் பிள்ளைகளின் படிப்பு என்று யாரும் எழுத வருமுன் சொல்லிவிடுகிறேன்: கட்டணம் வந்தது அப்பாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), புறக்கோட்டைத் துணிக்கடையில் நின்ற அண்ணாவின் சம்பளம், அம்மா பிடித்த சீட்டு ஆகியவற்றிலிருந்து. அந்த வருடம் அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா.

முதல் வருடம் கம்ப்யூட்டரைத் தொட்டதைவிடப் பென்சிலைத் தொட்டதுதான் அதிகம். ஆளை முன்னால் நிறுத்தி வரைதல், தூரக்காட்சி, நிறம், வெளிச்சம். பிறகு ஒரு பந்து. தரையில் விழுந்து எழும்பும் பந்தை மூன்று கிழமை செய்தோம். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 படங்கள். பந்து ரப்பரா, இரும்பா என்று அந்த 24-க்குள் எத்தனை ஃப்ரேம் மேலே தங்குகிறது, எத்தனை ஃப்ரேமில் கீழே வருகிறது என்பதை வைத்துத்தான் பார்ப்பவருக்குத் தெரியும். டிஸ்னியின் பழைய கலைஞர்கள் வகுத்த 12 அடிப்படைகள் என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொடுப்பவற்றில் பல இந்தப் பந்துக்குள்ளேயே இருக்கின்றன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். நாடு மூடிக் கிடந்தது, தோட்டம் மூடவில்லை. அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனார். நாங்கள் இருக்கும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சிக்னல் கிடையாது, கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால் இரண்டு கோடு வரும். அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக் கேட்டேன். அப்போது தந்த வேலை: பாரம் சுமந்து நடக்கும் ஓர் உருவம். நான் யோசிக்கவே இல்லை, கொழுந்துக் கூடையோடு மலை ஏறும் ஒரு பெண்ணைச் செய்தேன். புத்தகத்தில் உள்ளபடி ஓர் அடிக்கு 12 ஃப்ரேம், தலை மேலும் கீழும் போய்வரும், கை வீசும். அனுப்பினேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டு, "கூடைக்குள்ள ஒன்றும் இல்லையே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் அந்தக் கூடை தொங்கும் வீட்டில் பிறந்தவள், தேயிலைச் செடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்திராத ஒருவர் எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதுகை இன்னும் வளைத்து, வேகத்தைக் குறைத்து அனுப்பினேன். "இப்போது சுகமில்லாத ஆள் மாதிரி நடக்கிறார். பாரம் இன்னும் இல்லை" என்றார். மூன்றாவதும் திரும்பி வந்தது.

அடுத்த நாள் அம்மாவோடு மலைக்குப் போனேன். கீழ்ப் பாதையில் நின்று, பக்கவாட்டில் போனில் எடுத்தேன். காலையில் வெறுங்கூடையோடு ஏறும்போது ஒன்று, பகல் நிறுவைக்கு முன் கூடை நிறைந்தபோது ஒன்று. இரவு அதை 24-க்கு மாற்றி ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணினேன். முதலில் தெரிந்தது தலை. கூடைக் கயிறு தலையில் கிடப்பதால் தலை மேலும் கீழும் ஆடவே இல்லை. கழுத்து இறுகி, கம்பியில் ஓடுவதுபோல ஒரே கோட்டில் முன்னுக்குப் போகிறது. ஏற்ற இறக்கம் முழுவதையும் இடுப்பு வாங்கிக்கொள்கிறது. சரிவில் பாதம் வெளிப்பக்கம் திரும்பி விரல்தான் முதலில் ஊன்றுகிறது. கை வீசவில்லை, இரண்டு கையும் செடியை விலக்கிக்கொண்டே போகின்றன. முதுகு நின்று இரண்டு மூன்று ஃப்ரேம் கழித்துத்தான் கூடை நிற்கிறது. வெறுங்கூடையோடு ஓர் அடிக்கு 13 ஃப்ரேம், நிறைகூடையோடு 19. அந்த மேலதிக ஆறும் கால் தூக்கும் இடத்தில் இல்லை, இரண்டு காலும் நிலத்தில் இருக்கும் இடத்தில் இருந்தன. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அம்மா நிலத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கிறார்.

அம்மாவின் கழுத்து ஏன் ஒவ்வொரு இரவும் நோகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தைலம் தேய்த்துவிட்டது நான்தான், சின்ன வயதிலிருந்து. ஆனாலும் அதுவரை விளங்கியிருக்கவில்லை.

நான்காவதை அனுப்பியபோது விரிவுரையாளர் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். "சரி, இப்போது நிறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு, 31-ஆவது ஃப்ரேமில் இடது பாதம் நிலத்துக்குள் போகிறது என்றார். முதல் செய்ததை முகநூலில் போட்டிருந்தால் நூறு பேர் சூப்பர் என்று எழுதியிருப்பார்கள், நானும் அதோடு நிறுத்தியிருப்பேன். யூடியூப் பாடம் எதுவும் என்னிடம் வந்து கூடை வெறுமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்காது. தானாகவே தன் பிழையைக் காணக்கூடியவர்கள் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் வந்து என்னோடு வாதாட வேண்டாம், நான் அப்படி ஆள் இல்லை.

கேம் ஆர்ட் இதற்கு அடுத்த படி. படத்தில் ஒரு ஃப்ரேமை இரவு முழுக்க ரெண்டர் செய்யலாம், அதாவது கம்ப்யூட்டர் கணக்கிட்டு முழுப் படமாக்க விடலாம். கேமில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். அதே கூடையை நான் ஒவ்வொரு பிளாச்சாகப் பின்னி மொடல் செய்து வைத்திருந்தேன், ஒரு லட்சம் பொலிகனுக்கு (உருவத்தை ஆக்கும் சின்னச் சின்னத் தட்டை முகங்கள்) மேல். அதைக் கேமில் போட முடியாது. சில நூறு பொலிகனில் வெறும் உருளைபோல இன்னொரு கூடை செய்து, பின்னலின் மேடு பள்ளத்தை நோர்மல் மேப் என்ற ஊதா நிறப் படமாக எடுத்து அதன்மேல் போர்த்த வேண்டும். வெளிச்சம் படும்போது பின்னல் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும். இதை மட்டும் பழக எனக்கு ஒரு தவணை போனது. கணிதம் வேண்டுமா என்று கேட்பீர்கள். சாதாரணதரக் கணிதம் போதும், பொறுமைதான் நிறைய வேண்டும்.

கடைசி வருடம் 2022. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நிற்பாட்டினார்கள். கரண்ட் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழும்பி வேலை செய்தேன். 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360-க்குப் போனது. எங்கள் பரீட்சைக் கட்டணம் இங்கிலாந்துப் பவுண் காசில். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது அப்போதுதான். வெளிநாட்டுப் பட்டம் என்றால், கட்டணம் ரூபாவிலா வெளிநாட்டுக் காசிலா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை பற்றியும் மறைக்க மாட்டேன். இப்போது கண்டியில் ஓர் அறை எடுத்து, வெளிநாட்டுச் சின்ன ஸ்டுடியோக்களுக்கு அனிமேஷன் செய்து கொடுக்கிறேன். தோடு மீட்டாயிற்று. ஆனால் இரண்டு மாதம் ஒரு சதமும் வராமல் இருந்த காலமும் உண்டு. 2023, 2024 இரண்டு வருடமும் உலகமெங்கும் கேம் கம்பனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை நிறுத்தின. வேலை கேட்டால் சான்றிதழைப் பார்க்குமுன் உங்கள் ஷோரீலை, அதாவது நீங்கள் செய்தவற்றின் தொகுப்பு வீடியோவைத்தான் பார்ப்பார்கள், ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அப்பாவிடம் அரச உத்தியோகம் மாதிரி என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்.

கடன்படாமல் படிக்க வழி இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழக வடிவமைப்புப் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சை (அப்டிடியூட் டெஸ்ட்) வைத்து எடுக்கிறார்கள். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலத் தொழில்நுட்பக் கலை இருக்கிறது. இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவொடெக்கில் மல்டிமீடியாப் பட்டம் இருக்கிறது, என்விகியூ (தேசிய தொழில் தகைமை) வழியாகவும் போகலாம். இவை எதுவும் அப்படியே கேம் ஆர்ட் அல்ல. ஆனால் கண்ணும் கையும் அங்கே பழகும், மிச்சத்தை பிளெண்டரில் பழகலாம். மொறட்டுவை, மட்டக்களப்புப் படிப்புகளின் பாடத் தகைமைகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலிலும், யுனிவொடெக்கினதை அவர்களிடமும் பாருங்கள், யாரோ சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

இனிச் சொல்வது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் எழுதாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அரச பல்கலைக்கழக உளச்சார்புப் பரீட்சைக்கு நானும் விண்ணப்பித்தேன். கூப்பிட்டுக் கடிதமும் வந்தது. எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை, வீதிப் பெயர் இல்லை. டிவிஷனில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் ஒரே முகவரி. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கே ஒரு மேசையில் பதினொரு நாள் கிடந்தது. என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாள். ஆபீசில் கேட்டதற்கு, "பேர் வாசிக்கிறப்ப நீங்க யாரும் வரலையே" என்றார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒரு கடிதம் நேரத்துக்குக் கிடைத்திருந்தால் அப்பாவின் ஈபிஎஃப் இன்றைக்கும் இருந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறோம், எங்கள் வாசலுக்கு ஒரு கடிதம் நேராக வராது. வேலைக்கான நேர்முகக் கடிதம், வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரித் திகதி எல்லாம் இப்படித்தான் போகிறது. தேர்தல் நேரம் வருகிறவர்களிடம் ரோடும் கூரைத் தகடும் கேட்கிறோம். வீட்டுக்கு ஓர் இலக்கம் கேட்டவர்களை நான் கண்டதில்லை.

அதனால் விண்ணப்பத்தில் தோட்ட முகவரியை எழுதாதீர்கள். டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைப் போட்டு, உங்கள் போன் இலக்கத்தையும் எழுதுங்கள். பரீட்சைத் திகதியைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் கிழமைக்கு இரண்டு தரம் பாருங்கள். கடைக்காரரிடம் நீங்கள் போய்க் கேட்க வேண்டாம், அப்பாவை அனுப்புங்கள். மாதாமாதம் அரிசி மாவு வாங்குகிற கடையென்றால் அவர் கேட்டு மறுக்க மாட்டார்கள். எதற்கு முகவரி என்று கடைக்காரர் கேட்பார், அப்பாதான் சொல்ல வேண்டி வரும்.