வீட்டுவரி கட்றோம்ல, ராத்திரி ரோந்து ஏங்க வர்றதில்ல?

கேள்வி: சேலத்துல கொலுசு பட்டறை வெச்சிருக்கோம்ங்க. வேலை முடிஞ்சு ஆளுங்க கிளம்ப ராத்திரி பத்தரை ஆயிடும், கையில சரக்கு வேற இருக்கும். தெரு லைட்டு எரியல, ரோந்து வண்டி எப்ப வருதுன்னே தெரியல. வீட்டுக்கு ரெண்டாயிரம் போட்டு கேமரா வைக்கலாம், அப்படியே ஸ்டேஷனுக்கும் ஏதாவது வாங்கிக் குடுக்கலாம்ங்கறாங்க. கட்ற வீட்டுவரியிலயே இதெல்லாம் வராதா? (பேர் வேண்டாம், சேலம்)

பதில்: வராதுங்க. வீட்டுவரி போறது மாநகராட்சிக்கு, போலீஸ் இருக்கறது மாநில அரசுகிட்ட. சட்டசபையில வருஷா வருஷம் காவல்துறை மானியக் கோரிக்கைன்னு ஒரு நாள் காரசாரமா பேசிக்குவாங்களே, சம்பளம் வண்டி டீசல் எல்லாம் அதுல இருந்துதான். நம்ம ஊருக்கு 1997லயே தனி போலீஸ் கமிஷனர் வந்தாச்சு, ஆனா அதுக்கான காசு மேயர் கையில இல்ல. அதனால ரோந்துக்கு கவுன்சிலரைத் திட்டாதீங்க, லைட்டுக்கு தாராளமா திட்டலாம், அது மாநகராட்சி வேலை. கம்பத்துல நம்பர் எழுதியிருந்தா அதையும் மனுவுல போடுங்க, எந்தக் கம்பம்னு தெரியலன்னு சொல்ல வாய்ப்பு குடுக்காதீங்க.

ரோந்து விஷயத்துக்கு வர்றேன். ஸ்டேஷன்ல பேப்பர்ல இருக்கற ஆளு எல்லாம் தெருவுல இருக்க மாட்டாங்க, கோர்ட்டுக்கு ரெண்டு பேர், விஐபி பந்தோபஸ்துக்கு நாலு பேர், ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழான்னா கேக்கவே வேண்டாம். வாரம் ஒரு நாள் லீவு குடுக்கணும்னு 2021ல அரசாணை போட்டாங்க, நியாயமானதுதான், அவங்களும் மனுசங்க தானே, ஆனா காலி இடத்தை நிரப்பாம லீவு மட்டும் குடுத்தா அந்த ஓட்டை உங்க தெருவுல ராத்திரி பத்தரைக்குத்தான் தெரியும். அதனால கேமராவுக்கு முன்னாடி ஆளைக் கேளுங்க. 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டு, உங்க ஸ்டேஷனுக்கு அனுமதிச்ச போலீஸ் பணியிடம் எத்தனை, காலி எத்தனைன்னு கேளுங்க. பதில் வந்ததும் அதை எம்எல்ஏகிட்ட கொண்டு போங்க, அந்த மானியத்துக்கு சபையில ஓட்டு போடறதே அவர்தானே!

இன்னொண்ணு, செலவே இல்லாதது. உங்க பட்டறை வாசல்லயோ தெருமுனை கோயில்லயோ ஒரு பட்டா புத்தகம் (நிலப் பட்டா இல்லைங்க, போலீஸ் ரோந்து நோட்டு) வைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர்கிட்ட எழுதிக் குடுங்க. ரோந்து வர்றவர் டைம் போட்டு கையெழுத்து போடணும். வந்தாரா வரலையான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

கேமரா வேண்டாம்னு சொல்லல, ஆனா மாட்டுற அன்னைக்கு இருக்கற உற்சாகம் ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் இருக்காது. சிலந்தி வலை கட்டி ராத்திரி படமெல்லாம் வெள்ளையா கிடக்கும், ஹார்டு டிஸ்க் போயிருக்கும், திருட்டு நடந்த அப்புறம்தான் போய்ப் பாப்போம். வசூல் பண்றதுன்னா பராமரிப்புக்கும் சேர்த்து பண்ணுங்க. அதுக்கு முன்னாடி நமக்கு நாமே திட்டத்துல இந்த வேலை வருமான்னு மண்டல ஆபீஸ்ல கேளுங்க, மூணுல ஒரு பங்கு நாம போட்டா மீதியை அரசு போடும்.

ஸ்டேஷனுக்கு வாங்கிக் குடுக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம்ங்க. ரோட்டுல நிக்கற பேரிகேடுல ஜவுளிக்கடை, நகைக்கடை பேரு பெயிண்ட்ல பளிச்சுன்னு இருக்கும், பாத்திருப்பீங்க. நாளைக்கு உங்க பட்டறை ஆளுக்கும் உங்களுக்கும் கூலித் தகராறு வந்து ரெண்டு பேரும் அதே ஸ்டேஷன்ல போய் நின்னா, வாங்கிக் குடுத்த சேர்ல உக்காந்திருக்கறவரை அந்த ஆளு எப்படி நம்புவாரு?

கேள்வி: சீசன்ல மலைப்பாதையில வண்டி அப்படியே நிக்குது, ஆம்புலன்ஸ் கூட இறங்க முடியல. சேலம் கமிஷனர் கூடுதலா போலீஸ் அனுப்ப மாட்டாரா? (ஏற்காடு வாசகி)

பதில்: அம்மா, ஏற்காடு கமிஷனர் எல்லையில வராது, மாவட்ட எஸ்பி கீழதான். கோடை விழாவுக்கு வேற ஸ்டேஷன் ஆளுங்களை எடுத்து மேல அனுப்பறதும் அவர்தான், விழா முடிஞ்சா அவங்க இறங்கிடுவாங்க, ஆனா ஞாயித்துக்கிழமை கூட்டம் இறங்காது. 20 கொண்டை ஊசி வளைவுலயும் ஆள் நிறுத்த முடியாதுதான், அடிவாரத்துலயே வண்டியை எண்ணி விடறதுக்கும் குப்பனூர் வழியா திருப்பி விடறதுக்கும் ஆள் கேக்கலாம். கிராம சபையில தீர்மானம் போட்டு எஸ்பிக்கும் கலெக்டருக்கும் அனுப்ப வைங்க. மே 1 கிராம சபை வரைக்கும் காத்திருந்தா சீசன் பாதி போயிடும், மார்ச் 22 கூட்டத்துலயே எழுந்திரிச்சு பேசிடுங்க.