டிப்பர் வருமுன் கேளுங்கள்: டர்பனிலிருந்து சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடங்கு, தொழிற்சாலை, குழாய்த் தடம் கட்டும் ஒரு நிறுவனத்தில் 17 வருடமாகச் சுற்றுச்சூழல் அனுமதி வேலை என்னுடையது. ஊரிலிருந்து புதிதாக வந்த பொறியாளர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்து சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ‘நீமா’ என்று நான் எழுதுவது 1998-ஆம் ஆண்டின் 107-ஆம் சட்டம், அதாவது தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம். தளத்தில் எல்லோரும் நீமா என்றே சொல்வதால் நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அக்கா, க்வாதுகுசா பக்கம் 3 ஹெக்டேரில் கிடங்கு கட்டப் போகிறோம். வெறும் கரும்புக் காடு, ஒரு மரம்கூடக் கிடையாது. இதற்குமா அனுமதி? (திட்ட மேலாளர், பாலிட்டோ)

தம்பி, நம் நட்டால் மாகாணத்தில் அதிகம் பேர் சறுக்குகிற இடமே இந்தக் கரும்புதான். உங்கள் கணக்கில் பாதி சரி. இயற்கைத் தாவரம் 1 ஹெக்டேருக்கு மேல் அழித்தால் அடிப்படை மதிப்பீடு (சுருக்கமான சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு) வேண்டும், 20 ஹெக்டேர் எட்டினால் முழு மதிப்பீடு வேண்டும். ஆனால் கடந்த 10 வருடத்துக்குள் சட்டப்படி உழுத மண் ‘இயற்கைத் தாவரம்’ என்ற வரையறைக்குள் வராது. அதனால் கரும்பு அந்த விதியிலிருந்து தப்பிவிடுகிறது. இதோடு படிப்பதை நிறுத்தியவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

அனுமதி வேண்டிய வேலைகளை நீமாவின் கீழ் பட்டியல் போட்டிருக்கிறார்கள். முதல் பட்டியலில் மேலே சொன்ன தாவர விதி 27-ஆவது நடவடிக்கை, அதற்கு அடுத்து 28-ஆவது இருக்கிறது. 1998 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ விவசாயத்துக்குப் பயன்பட்ட நிலத்தில் தொழிற்சாலையோ வணிகக் கட்டடமோ குடியிருப்போ கட்டினால், நகர எல்லைக்குள் 5 ஹெக்டேருக்கு மேலும், நகர எல்லைக்கு வெளியே 1 ஹெக்டேருக்கு மேலும் அனுமதி கட்டாயம். உங்கள் 3 ஹெக்டேர் நகர எல்லைக்கு உள்ளே இருந்தால் இந்த விதி தொடாது, வெளியே இருந்தால் தொடும். எனவே மரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நகராட்சியின் வரைபடத்தில் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அதை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அனுமதி வராமலே வேலையைத் தொடங்கியவர்கள் கதை கொஞ்சம் கீழே வருகிறது.

வேலைத் திட்டத்தில் அனுமதிக்கு எத்தனை நாள் போடுவது? என் முதலாளி 2 மாதம் போதும் என்கிறார். (ஜொகன்னஸ்பர்க்)

முதலாளியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அடிப்படை மதிப்பீட்டில் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த 90-க்குள்ளேயே மக்கள் கருத்துக்கான 30 நாளும் அடக்கம். அப்புறம் முடிவெடுக்க அதிகாரிக்கு 107 நாள். ஆக மொத்தம் 197. முழு மதிப்பீடு என்றால் 44, 43, 106, 107 என்று நான்கு கட்டம், கூட்டினால் 300. டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை இந்தக் கணக்கில் வராது. நம் ஆட்களும் அப்போது விடுமுறையில்தான் இருப்பார்கள் என்பதால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னால் நடக்கிற ஆய்வுகளை இதில் நான் சேர்க்கவே இல்லை. ஈரநில ஆய்வு மழைக்காலத்தில்தான் சரியாக வரும் என்று நிபுணர் சொன்னால் அவருக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். அனுமதி கைக்கு வந்த அன்றே இயந்திரத்தை இறக்காதீர்கள். மேல்முறையீட்டுக்கு 20 நாள் உண்டு. யாராவது மேல்முறையீடு செய்தால் அது முடியும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படும்.

தளத்திலிருந்து 80 மீட்டரில் ஒரு சின்ன ஓடை. பாதி வருடம் தண்ணீரே இல்லை. நீர் உரிமம் வேண்டுமா? (தளப் பொறியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

காய்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது நீர்வழிதான். 100 ஆண்டு வெள்ளக் கோடு (நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் எல்லை) வரையப்படாத இடத்தில், ஓடையின் விளிம்பிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. ஈரநிலம் என்றால் 500 மீட்டர். அதற்குள் நீங்கள் செய்வது ஓட்டத்தைத் தடுக்கிறதா, கரையை மாற்றுகிறதா என்பதுதான் 1998-இன் தேசிய நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவு கேட்கிற கேள்வி. பதிவு பெற்ற நிபுணர் ஆபத்து அட்டவணை நிரப்பி ‘குறைவு’ என்று வந்தால் பொது அனுமதியின் கீழ்ப் பதிவு செய்தால் போதும், முழு உரிமம் தேவைப்படாது. அந்த அட்டவணையை நீங்களே நிரப்பிக்கொள்ள முடியாது.

கூடவே நீமாவின் கணக்கையும் பாருங்கள். நீர்வழிக்குள் 10 கன மீட்டருக்கு மேல் மண் கொட்டினாலோ எடுத்தாலோ அங்கே தனி அனுமதி வேண்டும். 10 கன மீட்டர் என்பது ஒரு டிப்பர் லோடு, அவ்வளவுதான்.

அனுமதி கிளையண்ட் பெயரில் இருக்கிறது. நாங்கள் வெறும் கான்ட்ராக்டர். தப்பு நடந்தால் அவர்கள்தானே பொறுப்பு? (டர்பன்)

இந்த நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். அனுமதி வாங்கியவர் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் நீமாவின் 28-ஆம் பிரிவு, மாசு உண்டாக்கும் எவருக்கும் தடுக்கும் கடமையை வைக்கிறது. 34-ஆம் பிரிவு இன்னும் ஆழமாகப் போகிறது. நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறியிருந்தால் நிறுவனத்தின் இயக்குநரே தனிப்பட்ட முறையில் குற்றவாளி ஆகலாம்.

நான் செய்வது இதுதான். டெண்டர் கட்டத்திலேயே அனுமதிக் கடிதத்தையும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தையும் கேட்டு வாங்குவேன். அதில் ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரில் யார் செய்வது, எந்த மாதம், பில்லில் எந்த வரிசை எண் என்று எழுதுவேன். வேலிக்குக் காசு, தூசி அளக்கும் வாளிக்குக் காசு, மாதாமாதம் வரும் சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் காசு. விலைப்பட்டியலில் வரிசை எண் இல்லாத நிபந்தனை தளத்தில் நடந்து நான் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன் மேடம். அனுமதி வராமலே அஸ்திவாரம் போட்டுவிட்டோம். இப்போது என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

வேலையை இன்றே நிறுத்துங்கள். பிறகு நல்ல வழக்கறிஞர், பிறகு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், இந்த வரிசையில் பாருங்கள். நீமாவின் 24ஜி பிரிவின் கீழ், செய்துவிட்ட தவறைச் சீர்செய்யக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கான அபராதத்தின் உச்சம் முன்பு 50 லட்சம் ராண்டாக இருந்தது. 2023 ஜூன் 30 முதல் 1 கோடி ராண்ட். அதைக் கட்டினால் கட்டாயம் அனுமதி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். மறுத்து, இடித்துப் பழையபடி ஆக்கச் சொல்லவும் முடியும். அபராதம் கட்டியதால் குற்ற வழக்கும் மறைந்துவிடாது. அந்த வழக்கிலும் உச்சம் 1 கோடி ராண்ட், அல்லது 10 வருடச் சிறை, அல்லது இரண்டும்.

சிலர் 24ஜியை ‘லேட் ஃபீஸ்’ மாதிரி நினைத்துத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் வரும். பக்கத்து மனையில் 197 நாள் பொறுமையாகக் காத்திருந்தவன் என்ன பாவம் செய்தான்?

மெரிபேங்க் பக்கம் வேலை. குடியிருப்போர் தூசி என்று தினமும் புகார். தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். (ஃபோர்மேன்)

மெரிபேங்க் மக்களிடம் ‘இது சாதாரணத் தூசிதான்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1950-களிலும் 60-களிலும் வந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் காகித ஆலைக்கும் நடுவே வளர்ந்த ஊர் அது. நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். காற்றைப் பற்றி உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். பக்கத்து வென்ட்வர்த்திலிருந்து வந்த பாபி பீக் என்பவருக்கு இங்கே மாசை எதிர்த்து நடத்திய போராட்டத்துக்காக 1998-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

விதி தெளிவானது. 2013-இன் தூசிக் கட்டுப்பாட்டு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே, மற்ற இடங்களில் 1200-க்குக் கீழே இருக்க வேண்டும். 30 நாள் சராசரி. வருடத்தில் இரண்டு முறை மீறலாம், ஆனால் அடுத்தடுத்த மாதமாக இருக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே வேலியோரம் வாளி வைத்து ஒரு மாத அளவு எடுத்திருந்தீர்களா? இல்லாவிட்டால் ஊரில் ஏற்கெனவே இருந்த தூசியும் உங்கள் கணக்கில்தான் விழும். தண்ணீர் லாரி காலை 10 மணிக்கு ஒரு சுற்று வந்தால் போதாது. மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்புவதற்குள் இன்னொரு சுற்று வேண்டும். தளத்துக்குள் வேகத்தை 20-க்குக் குறைத்துப் பாருங்கள், பாதிப் புகார் நின்றுவிடும். புகார்ப் புத்தகத்தில் பதிலையும் எழுதுங்கள். புகாரை மட்டும் எழுதி வைத்தால் அது உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும்.

டீசல் தொட்டியைச் சுற்றி, அதன் கொள்ளளவில் 110 சதவீதம் கொள்ளும் பண்ட் சுவர் (கசிந்தால் தேக்கிவைக்கும் சுவர்) கட்டியாகிவிட்டது. இனிப் பயமில்லையே? (ரிச்சர்ட்ஸ் பே)

இதற்கு என் சொந்த அனுபவத்தைத்தான் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு, துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு தளம். பண்ட் சுவர் அழகாக, அளவாக இருந்தது. தணிக்கையில் முழு மதிப்பெண். ஒரு மழை நாளில் உள்ளே தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு பையன் வால்வைத் திறந்தான். மூட மறந்துவிட்டான். இரண்டு நாள் கழித்து இரவில் குழாய் இணைப்பு கசிந்தது. டீசல் சுவருக்குள் நிற்காமல் நேராக வால்வு வழியாக மழைநீர்க் கால்வாய்க்குப் போனது. விடியற்காலை 4 மணிக்கு என் போன் அடித்தது. நான் போனபோது கால்வாய் வானவில் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

பையனைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த வால்வுக்குப் பூட்டு போடச் சொல்லி நான் எழுதியிருக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அதன் பக்கத்திலேயே நின்று படிவம் நிரப்பியவள் நான். இப்போது என் தளங்களில் வால்வு பூட்டியிருக்கும், சாவி மேற்பார்வையாளர் இடுப்பில் இருக்கும். மழைநீரை எடுக்க வேண்டுமானால் கண்ணால் பார்த்து, எண்ணெய்ப் படலம் இல்லை என்று கையெழுத்திட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

கசிவு பெரிதென்றால் மறைக்க நினைக்காதீர்கள். நீமாவின் 30-ஆம் பிரிவுப்படி உடனடியாகச் சுற்றுச்சூழல் துறைக்கும், தீயணைப்புக்கும் போலீசுக்கும், மாகாணத்துக்கோ நகராட்சிக்கோ, பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் சொல்ல வேண்டும். 14 நாளில் எழுத்து அறிக்கை. தண்ணீரில் கலந்தால் நீர்ச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

தோண்டிய மண் நிறைய மிச்சம். பக்கத்து விவசாயி இலவசமாக வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். நல்லதுதானே? (பீனிக்ஸ்)

எங்கே கொட்டப் போகிறார் என்று போய்ப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அது தாழ்ந்த, நாணல் முளைத்த ‘வீணான’ நிலமாக இருக்கும். அதற்குப் பெயர் ஈரநிலம். மேலே சொன்ன 10 கன மீட்டர் நினைவிருக்கட்டும். இடிபாடு, சிமென்ட் கலந்திருந்தால் அது கழிவு. உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் எடைச் சீட்டை வாங்கி வையுங்கள். ‘பச்சைத் தேள்கள்’ என்று நாம் கூப்பிடுகிற சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் வந்தால் முதலில் கேட்பது அந்தச் சீட்டுக் கட்டைத்தான்.

மவுண்ட் எட்ஜ்கூம் பக்கத்தில் பழைய தோட்டத் தொழிலாளர் கல்லறைகள் மாதிரி ஏதோ இருக்கிறது. குறிப்பு எதுவும் இல்லை. வேலி போட்டுவிட்டுத் தள்ளிக் கட்டலாமா? (ஸர்வேயர்)

அந்த இடத்தில் வேலையை நிறுத்துங்கள். நகராட்சி நடத்தும் இடுகாட்டுக்கு வெளியே 60 வருடத்துக்கு மேற்பட்ட கல்லறையை அனுமதியில்லாமல் தொடவோ நகர்த்தவோ முடியாது. அது 1999-இன் மரபுச் சொத்துச் சட்டம், 36-ஆம் பிரிவு. நம் மாகாணத்தில் மரபுச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் அமாஃபா அமைப்பிடம் போக வேண்டும். எலும்பு வெளிப்பட்டால் போலீசுக்கும் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை, குழாய் வேலைக்கும், 5000 சதுர மீட்டருக்கு மேல் மாறும் மனைக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அதைச் செய்ததா என்று கோப்பைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் ஊர்ப் பெரியவர்களையும் கோவில் கமிட்டியையும் போய்க் கேளுங்கள். 1860-க்குப் பிறகு கரும்புக்கு வந்தவர்கள் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இடங்களில்தான் அடங்கியிருக்கிறார்கள். யார் பாட்டனார் அங்கே இருக்கிறார் என்று கோப்பில் தெரியாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆயாவுக்குத் தெரிந்திருக்கும்.

ஒருவர் இரண்டு வாரத்தில் அனுமதி வாங்கித் தருகிறேன் என்கிறார், கொஞ்சம் காசு அதிகம். (பிரிட்டோரியா)

ஓடுங்கள். 2022 ஆகஸ்ட் 8 முதல் மதிப்பீட்டை நடத்துபவர், மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்யும் ஈ.ஏ.பி.ஏ.எஸ்.ஏ. அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த வாரம் முதல்முறையாக ஒரு தளத்தில் சுற்றுச்சூழல் அலுவலராகச் சேர்கிறேன். முதல் நாள் எதைப் பார்ப்பது அக்கா? (புதிய பட்டதாரி, சாட்ஸ்வர்த்)

வாழ்த்துகள் மா. அலுவலகக் கன்டெய்னருக்குப் போகும் முன் தளத்தை ஒருமுறை சுற்றி நடந்துவிடு. கான்கிரீட் லாரியை எங்கே கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மழை பெய்தால் மண் எந்த மூலையில் வெளியேறும்? அங்கே வண்டல் வேலி நிற்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா? கழிப்பறை ஓடையிலிருந்து எவ்வளவு தூரம்? எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடு. அதற்குப் பிறகு உட்கார்ந்து அனுமதிக் கடிதத்தைப் படி. அது எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்று பார். நீட்டிப்பு வேண்டுமானால் அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். அந்தத் தேதியைச் சுவரில் ஒட்டிவிடு. டீ போடுகிற அக்காவின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள். தளத்தில் நேற்று இரவு என்ன நடந்தது என்று உனக்கு முதலில் சொல்லப்போவது அவர்தான்.