பன்னிரண்டு பேருக்கும் பூடில் பாவாடை வேண்டுமா?

கேள்வி: 1957-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நடப்பதாக ஒரு நாடகம் போடுகிறோம். பன்னிரண்டு மாணவிகளுக்கும் பூடில் நாய் உருவம் தைத்த வட்டப் பாவாடை, ஒரு காட்சியில் இடுப்பில் சுழற்றும் ஹூலா வளையம் என்று முடிவாகியிருக்கிறது. சரிதானா? – உடைப் பொறுப்பாளர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பன்னிரண்டு பேருக்கும் வேண்டாம், இருவருக்குப் போதும். அந்தப் பாவாடை அக்காலத்தின் அடையாளமாகிவிட்டதே தவிர, எல்லோரும் தினமும் பள்ளிக்கு உடுத்திய உடை அன்று. மற்ற பத்துப் பேருக்கும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் நேர்ப் பாவாடையோ மடிப்புப் பாவாடையோ, மேலே பொத்தான் வைத்த கம்பளிச் சட்டையும் கொடுங்கள்.

அந்த இரண்டு பாவாடைகளை மட்டும் ஆசையோடு தையுங்கள், ஏனெனில் அவற்றின் கதையே துணியில்தான் இருக்கிறது. போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு நீங்கியிருந்த 1947-இல், கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புதுத்துணி வாங்கப் பணமும் இல்லாமல், தைக்கவும் தெரியாமல் இருந்த ஜூலி லின் ஷார்லோ என்ற பாடகி, ஃபெல்ட் துணியை ஒரே வட்டமாக வெட்டி உடுத்திக்கொண்டார். ஃபெல்ட் நெய்த துணி அன்று, கம்பளி இழைகளை அழுத்திச் செய்தது. ஆகவே வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் தேவையில்லை. முதலில் அதில் இருந்தவை கிறிஸ்துமஸ் மரங்கள்; பூடில் பின்னர்தான் வந்தது.

இடுப்புச் சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் நடுவட்டத்தின் ஆரம் கிடைக்கும். 66 செ.மீ. இடுப்புக்கு அது 10.5 செ.மீ.; அதனோடு பாவாடையின் நீளத்தைக் கூட்டினால் வெளிவட்டத்தின் ஆரம். துணியை நான்காக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து இரண்டு வில்களையும் வரைந்து வெட்டுங்கள். உடுத்தி அவிழ்க்க, இடுப்பிலிருந்து கீழ்நோக்கி ஒரு பிளவும் விடுங்கள். உள்ளே அடுக்கு உள்பாவாடை இல்லாவிட்டால் வட்டம் விரியாமல் தொங்கிப்போகும். அந்நாளில் உள்பாவாடையைக் கஞ்சியிலோ சர்க்கரைத் தண்ணீரிலோ தோய்த்து விறைப்பாக்கினார்கள். மேடை விளக்கின் வெப்பத்தில் சர்க்கரை பிசுபிசுக்கும் என்பதால் நீங்கள் கஞ்சியே போடுங்கள்.

பாவாடையைவிடக் காலுக்குத்தான் நான் கூடுதல் கவனம் கேட்பேன். கணுக்காலளவுக்குச் சுருட்டி இறக்கிய வெள்ளைக் காலுறையும், வெள்ளைக் காலணியின் நடுவே சேணம்போல் கறுப்புத் தோல் பட்டை ஓடும் சேடில் ஷூவும் இருந்தால், பாவாடை எதுவானாலும் காலம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பையன்களுக்கு வகுப்பறைக் காட்சியில் சாதாரண கால்சட்டையே பொருத்தம்; ஜீன்ஸைப் பல பள்ளிகள் அனுமதிக்கவில்லை. மாலைக் காட்சியில் ஜீன்ஸின் கால்விளிம்பை மடித்துவிட்டு அணியட்டும்.

வளையத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வாம்-ஓ நிறுவனம் பிளாஸ்டிக் ஹூலா வளையத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து நாடே அதைச் சுழற்றியது 1958-இல். உங்கள் நாடகத்துக்கு அது ஓராண்டு பிந்தியது. 1955-இல் சிறுவர்களைப் பிடித்தாட்டிய, வால் தொங்கும் ரக்கூன் என்ற விலங்கின் தோல் தொப்பியோ, அதற்குள் பழசாகிவிட்டது. வளையக் காட்சி அவசியமென்றால், நாடக ஆசிரியரிடம் பேசி ஆண்டை 1958 என்று மாற்றிக்கொள்ளுங்கள். உடைகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.